அம்பாசிடர் ஹெட்லைட் மங்கலா? 100/90 பல்பா, ரிலேவா, எல்இடியா

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் ராத்திரி ஒரு தடவை பைபாஸில் போய்வந்துவிட்டால், மறுநாள் நேராகப் பல்பு வாங்கத்தான் கிளம்புவார்கள். கடையில் 100/90 பல்பு (பிரைட்டில் 100 வாட்ஸ், டிம்மில் 90) எடுத்து நீட்டுவார்கள், பக்கத்துக் கடையில் எல்இடி என்பார்கள், எலக்ட்ரீஷியன் ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் தட்டிவிடும் சுவிட்ச்) போடலாம் என்பார். மூன்றில் எது? என் கட்சி ரிலேதான், ஆனால் அதற்கும் முன்னால் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும்.

ஏன் என்றால், இந்த வண்டிகளில் வெளிச்சம் குறைவதற்குப் பல்பைவிட வயர்தான் பெரும்பாலும் காரணம். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய பாணி வயரிங்கில் ஹெட்லைட்டுக்கான மொத்த கரண்டும் டேஷ்போர்டு சுவிட்சுக்குள் போய், அங்கிருந்து காலால் மிதித்து டிம், பிரைட் மாற்றுகிற டிப் சுவிட்சுக்கு வந்து, அப்புறம் திரும்ப முன்பக்கம் போகிறது. நாற்பது வருஷத்துப் பச்சை பிடித்த கனெக்டர்கள் வழியாக. என்ஜினைக் கொஞ்சம் ரெய்ஸ் செய்து, லைட்டைப் போட்டு, பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து ஹோல்டரில் 11.5 காட்டினால் இரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது, ஏறக்குறைய வோல்டேஜின் 3.4-ஆம் அடுக்கில் (பவரில்) சரியும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போச்சு. அந்த இரண்டு வோல்ட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகிறது.

எர்த் பக்கமும், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வழியும், அளக்க வேண்டும். பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையில் அரை வோல்ட் காட்டினாலே, துருவும் பெயின்ட்டும் வழியை மறிக்கின்றன என்று அர்த்தம். சுரண்டிவிட்டு புது எர்த் வயர் ஒன்று இழுத்தால் முடிந்தது. சில வண்டிக்கு இதுவே போதும், செலவு ஒரு டீ காசு.

இப்போது 100/90. டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே இருக்கிற சாதாரண ஹெச்4 பல்பு 60/55 வாட்ஸ், ரோட்டுக்கு அனுமதி உள்ளதும் அதுதான். இரண்டு பிரைட்டும் சேர்ந்தால் சுமார் 10 ஆம்பியர். 100 வாட்ஸ் போட்டால் 16-ஐத் தாண்டும். அதே பழைய வயரில் முன்பு 2 வோல்ட் விழுந்த இடத்தில் இப்போது 3 வோல்ட் விழும். கணக்குப் போட்டால் வாட்ஸ் 67 சதவீதம் கூடியும் கையில் கிடைக்கிற வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் வயரிலும் சுவிட்சிலும் கிளம்புகிற சூடு இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கால வயரிங்கில் ஹெட்லைட்டுக்குத் தனி ஃப்யூஸ் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். செராமிக் ஹோல்டர் போட்டால் ஹோல்டர் தப்பிக்கும், சுவிட்ச் தப்பிக்காது. எதிரே வருகிறவர் திட்டுவது தனி.

ரிலே வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பக்கத்திலேயே ஃப்யூஸ், ரிலேயின் கால்களில் எழுதியிருக்கும் நம்பர்படி 30-க்கு சப்ளை, 87-லிருந்து பல்புக்கு. பழைய டிம், பிரைட் வயர்கள் 86-க்குப் போய் ரிலேயைத் தட்டிவிடுகிற வேலையை மட்டும் செய்யும், 85 எர்த்துக்கு. சுவிட்ச் வழியாக இனி அரை ஆம்பியர்கூடப் போகாது. ஒரிஜினல் வயரிங்கை வெட்டாமல் கனெக்டரில் சொருகியே செய்யலாம், நாளைக்குக் கழற்றினால் வண்டி பழையபடி. இதற்குச் சில நூறு ரூபாயும் ஒரு மதியமும் ஆகும். 60/55 பல்பே அப்புறம் வேறு பல்பு மாதிரி எரியும்.

டூம் (பல்புக்குப் பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும்) கறுத்திருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. உள்ளே ரசம் (பளபளப்புப் பூச்சு) போயிருந்தால் துணியால் துடைக்காதீர்கள், இருக்கிற பூச்சும் வந்துவிடும். மாற்றுவதுதான் வழி. நல்ல வேளையாக இந்த வண்டிகளில் இருப்பது 7 அங்குல வட்ட லைட், பழைய ஜீப்பிலும் அதே அளவுதான். சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் ஹெச்4 டூம் அகப்படும். கண்ணாடியில் கோடு போட்டதாகவே வாங்கினால் வண்டியின் முகம் மாறாது. ஆன்லைனில் வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: அமெரிக்காவுக்குச் செய்த டூம் டிம்மில் வலப்பக்கம் அதிகமாக அடிக்கும். நம் ஊரில் அது எதிரே வருகிறவர் கண்.

எல்இடி பல்பை நான் மொத்தமாக ஒதுக்கவில்லை. பழைய டூம், இழை இருக்கிற அந்தப் புள்ளியைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி சிப் அளவிலோ இடத்திலோ கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் சிதறும், வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. மழையில் அந்த நீல வெள்ளை இன்னும் மோசம். ஆனால் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கிற வண்டி என்றால் பேச்சு வேறு. 22 ஆம்பியர் தருகிற டைனமோவில் 100 வாட்ஸ் பல்புகள் 16 எடுத்துக்கொண்டால் இக்னிஷன், டெயில் லேம்ப், வைப்பர் எல்லாம் மீதியில் பங்கு போட வேண்டும். ஸ்லோவில் நிற்கும்போது டைனமோ ஒன்றுமே தராது. அங்கே குறைந்த கரண்டில் ஓடும் எல்இடிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் டூமோடு சேர்த்து எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு யூனிட்டாக வாங்கினால். பாசிட்டிவ் எர்த் வண்டியா (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருக்கிறதா) என்று முதலில் பாருங்கள், சாதாரண பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படி இல்லை. தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நான் ஆல்டர்னேட்டருக்குத்தான் பணம் போடுவேன், பேட்டரிக்கும் அது நல்லது.

எதைப் போட்டாலும் கடைசியில் சுவர் முன்னால் நிறுத்தி ஃபோகஸ் வைக்க வேண்டும். 25 அடி தள்ளி, டிம்மின் மேல் விளிம்பு ஹெட்லைட் மையத்தைவிட 3 அங்குலம் கீழே. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் பாருங்கள், லீஃப் ஸ்பிரிங் அமுங்கினால் லைட் மேலே தூக்கிவிடும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் இன்னும் ஒரு அங்குலம் இறக்கி வைக்கலாம்.