பச்சிளம் தோலைப் பற்றிய ஒரு வகுப்பு

பேத்தி பிறந்து நாற்பது நாள் கழிந்ததும், சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு தனியார் மருந்தகம் தமிழில் நடத்திய குழந்தைத் தோல் பராமரிப்பு வகுப்புக்கு மகளுடன் சென்றேன். ஒன்றரை மணி நேரத்துக்கு 30 வெள்ளி. கொடுத்த பணத்துக்கு நிறைவான வகுப்பு.

பவுடர், சோப்பு பற்றிய பகுதி வழக்கமானதுதான். ஆனால் தோலின் நோய் எதிர்ப்பு அணுக்களை விளக்கிய அரை மணி நேரத்துக்காகவே மீண்டும் போகலாம். 1868இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் கண்டறிந்து, நரம்பணு என்று தவறாகக் கருதிய அணுக்களைத் திரையில் காட்டினார்கள். முருங்கைக் கிளைபோல விரிந்த அவற்றை என் மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். எலிகளில் இவற்றின் முன்னோடிகள் பிறப்பதற்கு முன்பே தோலில் குடியேறி, பிறந்த முதல் வாரத்தில் வேகமாகப் பெருகிக் கிளை விடுகின்றன. இரண்டாம் வாரத்தில், மயிர்க்கால்கள் வளரும்போது, நோய் எதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’ திரளாக வந்து சேர்வதால், அப்போது தோலில் குடியேறும் பாக்டீரியாக்களை உடல் பகையாகக் கருதாமல் ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது.

இந்த வாரக் கணக்கு எலிகளுக்குரியது என்பதை நான் கேட்ட பிறகே தெளிவுபடுத்தினார்கள். மனிதக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதால், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்லெண்ணெய்க் குளியல் பற்றி ஒரு பாட்டி கேட்டதற்கும் அவசரமாகவே பதில் வந்தது. கைக்குழந்தையோடு வருவோர் முன்வரிசையில் அமர்வது நல்லது. திரையில் எழுத்து மிகச் சிறியது.