நூலகத் தேடலும் அந்த ஒரு டிக்கும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் நூலகத்தின் தேடல் பக்கத்துக்கு இந்தப் பருவத்தில் புது முகப்பு வந்திருக்கிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது, மொபைலிலும் ஒழுங்காகத் திறக்கிறது. நல்லதுதான். ஆனால் ஓரத்தில் இருக்கும் வடிகட்டிகளில் ‘பியர் ரிவ்யூ செய்யப்பட்டவை மட்டும்’ என்ற கட்டம் (பியர் ரிவ்யூ என்றால் மதிப்பாய்வு, அதாவது அச்சாகும் முன் அதே துறை அறிஞர்கள் கட்டுரையைப் படித்துச் சரிபார்ப்பது) இப்போது நாம் தொடாமலேயே டிக் ஆகி வருகிறது. இளங்கலையில் தொடங்கி இன்று முனைவர் பட்ட ஆய்வு வரை இதே தேடலைத்தான் பயன்படுத்துகிறேன். இத்தனை வருடத்தில் அதில் எனக்கு ஆகவே ஆகாதது அந்தக் கட்டம் ஒன்றுதான். அதையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஒரே பெட்டியில் சொல்லைப் போட்டால் புத்தகம், கட்டுரை, ஆய்வேடு எல்லாம் சேர்ந்து வந்து விழும் வகைத் தேடல் இது. லாகின், பிடிஎஃப் எடுப்பது எல்லாம் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை.

அந்த டிக் கட்டுரையைப் பார்ப்பதில்லை, கட்டுரை வந்த இதழைத்தான் பார்க்கிறது. ‘இது மதிப்பாய்வு நடத்தும் இதழ்’ என்று ஓர் இதழுக்கு அடையாளம் போட்டுவிட்டால், அதில் அச்சான அத்தனையும் அதே அடையாளத்தோடு நம் முன்னால் வரும். தலையங்கம், ஆசிரியருக்குக் கடிதம், நூல் மதிப்புரை, அஞ்சலிக் குறிப்பு, மாநாட்டு அறிவிப்பு எல்லாமே இதில் அடக்கம். பள்ளிக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று சான்றிதழ் கொடுப்பது போன்ற வேலை இது. ஜூனியர்களின் வரைவுகளைப் படிக்கும்போது இரண்டு பக்க நூல் மதிப்புரை ‘ஆய்வுக்கட்டுரை’ என்ற பெயரில் மேற்கோள் பட்டியலில் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திரை அவர்களிடம் ‘இது மதிப்பாய்வு செய்யப்பட்டது’ என்று சொன்னது, நம்பினார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு கடிதத்தைப் பார்க்க வேண்டும். ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் இருவரும் எழுதியது, மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் சார்ந்த) வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில், நன்றாகப் பதிவான அடிமை நிலை நான்கு பேருக்குத்தான் தெரிந்தது என்பது அதன் சாரம். ஆய்வுமுறை என்று ஒரு பகுதி கிடையாது. நோயாளிகள் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் கிடையாது.

2017இல் அதே இதழில், இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளை எடுத்து ஆராய்ந்து ஒரு பகுப்பாய்வு வந்தது. அவற்றில் 72.2 சதவீதம், ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. 80.8 சதவீதம், அது மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பற்றியது என்பதைக்கூடச் சொல்லவில்லை. மதிப்புமிக்க இதழின் பெயர் அந்த ஐந்து வாக்கியங்களை எவ்வளவு தூரம் சுமந்து போயிருக்கிறது! வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இப்படிப்பட்ட மேற்கோள்களும் துணைபோயின என்று அந்தப் பகுப்பாய்வை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டப்பட்ட கடிதம் இது என்று இதழே பிறகு அதன் மேல் ஒரு குறிப்பு வைத்தது. இதழை மட்டும் பார்க்கும் ஒரு டிக்குக்கு இந்தக் கடிதமும் தேறிய சரக்குதான்.

இன்னொரு பக்கம். டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953இல் நேச்சர் இதழில் வந்தது. அது வெளி மதிப்பாய்வுக்குப் போகவே இல்லை. வெளியிடும் எல்லா ஆய்வுக்கட்டுரைகளையும் மதிப்பாய்வுக்கு அனுப்பும் முறையை நேச்சர் முறைப்படி கொண்டுவந்தது 1973இல்தான். அந்தக் கட்டுரை மகத்தானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் மகத்துவத்துக்கும் அந்த டிக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

டிக் வைத்தால் காணாமல் போகிறவற்றை நினைத்தால் கோபம் இன்னும் ஏறுகிறது. பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் புத்தகங்கள் போய்விடும். வரலாறோ சமூகவியலோ எழுதுகிறவருக்கு அவைதான் முதுகெலும்பு. அரசு அறிக்கைகள் போய்விடும். கணினி அறிவியலில் முக்கியமான வேலை பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகளாகத்தான் வருகிறது, அவை கடுமையாக மதிப்பாய்வு செய்யப்படுபவை. ஆனாலும் அவற்றில் நிறைய இந்த வடிகட்டியைத் தாண்டி வருவதில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். ‘பியர் ரிவ்யூ செய்த கட்டுரை குறைந்தது ஐந்து வேண்டும்’ என்று வகுப்பில் விதி போடுகிறவர்கள் பாடம் நடத்தும் நாங்கள்தான், நூலகம் அந்த விதிக்குத்தான் பட்டன் செய்து கொடுத்திருக்கிறது. செய்தித்தாள் துண்டுகளும் வணிக இதழ்களும் ஆயிரக்கணக்கில் வந்து குவியும்போது அந்த டிக் பாரத்தைக் குறைக்கிறது என்பதும் உண்மை.

அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வந்தால், இதே தேடலில் நான் மனதார நேசிக்கும் ஒன்று இருக்கிறது. முடிவுகளின் விவரப் பக்கத்தில், கீழே யாரும் போகாத இடத்தில், ‘பொருள் தலைப்புகள்’ என்று ஒரு வரி. நாம் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடுவோம், மருத்துவத் தரவுத்தளம் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கும். நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டால் போதும், அதன் பொருள் தலைப்பை அழுத்தினால் நாம் யோசித்தே இருக்காத சொற்களில் எழுதப்பட்டவையும் வரிசையாக வந்து நிற்கும். நெடுநாள் யாரோ ஒருவர் உட்கார்ந்து, படித்து, இது எதைப் பற்றியது என்று முடிவுசெய்து போட்ட வரி அது, இப்போது சில தரவுத்தளங்களில் கணினியும் அதைப் போடுகிறது. தலைப்புகளும் காலத்தோடு மாறும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சமையல் நூல்களுக்கு நெடுநாள் வைத்திருந்த ‘குக்கரி’யை 2010இல்தான் ‘குக்கிங்’ என்று மாற்றியது. பழைய பதிவுகளைத் தேடும்போது இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவையும் அப்படித்தான். எங்கோ ஒரு நூலகத்தின் அடுக்கில் இருக்கும் கட்டுரையின் ஸ்கேன், கேட்ட சில நாளில் மின்னஞ்சலுக்கு வந்துவிடுகிறது. இதைப் பயன்படுத்தாமலே பட்டம் வாங்கிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு கட்டுரையை எடுக்கலாமா என்று பார்க்க நான் செய்வது கொஞ்சம்தான். முதல் பக்கத்தில் ‘பெறப்பட்டது, ஏற்கப்பட்டது’ என்று இரண்டு தேதிகள் இருக்கின்றனவா? ஆய்வுமுறை இருக்கிறதா? எத்தனை பக்கம்? மேலே ஒரு புத்தகத்தின் பெயரும் பதிப்பகமும் விலையும் அச்சாகியிருந்தால் அது மதிப்புரை. பிறகு டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாள எண்) வழியாகப் பதிப்பாளரின் பக்கத்துக்கே போய், திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பேன். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசவைத்த 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது 2010இல். வேறு எங்கோ சேமித்து வைத்த பழைய பிடிஎஃப் அதைச் சொல்லாது. கடைசியாக, அதை மேற்கோள் காட்டியவர்கள் ஒப்புக்கொண்டு காட்டினார்களா, மறுத்துக் காட்டினார்களா என்று இரண்டு மூன்றையாவது திறந்து படிப்பேன். நேரம் போவது இதில்தான், போகட்டும்.

பொருள் தலைப்பு, இரவல், மேசையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தரும் நூலகர் என்று இவ்வளவு இருந்தும், முதல் ஆய்வுக்கட்டுரை எழுதும் ஒருவருக்கு இன்றைய நிலையில் இந்தத் தேடலை முதல் இடமாக நான் சொல்ல மாட்டேன். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரில் தொடங்குங்கள் என்பேன். அங்கே பியர் ரிவ்யூ வடிகட்டியே கிடையாது, அதனால் எது என்ன என்று நாமே பார்த்தாக வேண்டும். நல்லதாக ஒன்று கிடைத்ததும் அதன் பெயரை எடுத்துக்கொண்டு நூலகத் தேடலுக்கு வாருங்கள். வந்ததும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘ஆவண வகை’ என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். கட்டுரை, கடிதம், தலையங்கம், மதிப்புரை என்று அங்கே தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முகப்பை அடுத்த முறை மாற்றும்போது நூலகம் முன்னே கொண்டுவர வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். இதை எழுதி நூலகத்தின் கருத்துப் படிவத்திலும் அனுப்பியிருக்கிறேன்.