கடற்காற்றில் நிற்கும் காருக்கு எந்த பிரேக் ரோட்டர்? பூச்சுள்ளதா, சாதாரணமா?

மழைக்கு மறுநாள் காலையில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான ரோட்டரில் தெரியும் ஆரஞ்சுத் துருவுக்காக யாரும் பதற வேண்டாம். ரோட்டர் வெறும் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் துரு பூக்கும், நாலைந்து முறை பிரேக் மிதித்தால், ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும் பேட் அதை வழித்துவிடும். பேட் உராயும் முகத்தில் துத்தநாகப் பூச்சும் நிற்காது, முதல் சில கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும்.

பூச்சுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பேட் தொடாத இடங்களுக்காக: நடுக்கிண்ணம், வெளி விளிம்பு, உள்ளே காற்று போகும் வழிகள். கோலாலம்பூரில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று தினமும் ஓடும் காருக்குச் சாதாரண ரோட்டரே போதும். பினாங்கின் கடலோரத்தில் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் வெட்டவெளியில் நிற்கும் காருக்குப் பூச்சுள்ளதுதான் என் தேர்வு. உப்புக்காற்றில் விளிம்புத் துரு மெல்ல உள்நோக்கி ஏறி, பேட் பிடிக்கும் பரப்பைக் குறைக்கும்.

அதைவிடப் பெரிய காரணம், கிண்ணம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) சேரும் இடம். அங்கே துரு ஏறினால் ரோட்டர் இறுகிக்கொள்ளும், கழற்றச் சுத்தியல் தேவைப்படும். (பல ரோட்டர்களில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். பெரும்பாலும் எம்8 போல்ட் சேரும். இரண்டையும் மாறி மாறி முறுக்கினால் ரோட்டர் தானே வெளியே வரும்.) அந்தத் துருவைச் சுரண்டாமல் புதிய ரோட்டரை மாட்டினால் அது சாய்ந்து உட்காரும். ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. சாய்வு, ரோட்டரின் வெளி விளிம்பில் ஏறக்குறைய இரு மடங்காகும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தில் உரச, சில ஆயிரம் கிலோமீட்டரில் ரோட்டரின் தடிமன் ஏறி இறங்கி பெடல் நடுங்கும். அப்போது ‘ரோட்டர் வளைஞ்சிருச்சு, ஸ்கிம் போடணும்’ என்பார்கள், அதாவது முகத்தை மெல்லச் சீவிச் சமமாக்குவது. ஹப்பில் துரு இருக்கும்வரை ஸ்கிம் போட்டாலும் நடுக்கம் திரும்பும். தடிமன் குறைந்ததுதான் மிச்சம். ரோட்டரில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விட்டால் அந்த ரோட்டரை மாட்டவே கூடாது.

ஆகவே எந்த ரோட்டரானாலும் ஹப்பை வயர் பிரஷால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு ஹப்பின் நடுமேட்டில் மட்டும், இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவலாம். பேட் முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. சாதாரண ரோட்டரில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அதை பிரேக் கிளீனரால் முழுக்கக் கழுவ வேண்டும். பூச்சுள்ளதைப் பெரும்பாலும் துடைத்தே மாட்டலாம், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

சாதாரண ரோட்டரை வாங்கி, வெப்பம் தாங்கும் பெயின்டை நாமே அடிப்பது மூன்றாவது வழி. கிண்ணத்துக்கும் விளிம்புக்கும் பரவாயில்லை. உள்வழிகளுக்குள் பெயின்ட் போய்ச் சேராது. ஹப்பில் உட்காரும் முகத்தையும் பேட் முகத்தையும் டேப்பால் மூடிவிட்டே அடிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே படியும் பெயின்டும் துருவைப் போலவே ரோட்டரைச் சாய்க்கும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் அதிகம் உரசாது. உராயும் முகத்திலும் துரு தங்கும், அதற்குப் பூச்சு உதவாது. சாலை காலியாக இருக்கும்போது அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்துங்கள். எந்தக் காரானாலும் கழுவிய கையோடு நிறுத்திவிடாமல், ஒரு சுற்று ஓட்டி பிரேக் பிடித்து ரோட்டர் காய்ந்தபின் நிறுத்துங்கள்.