பிஹேவா, பைடெஸ்ட் பிடிடியா?

வெப் ஆப்பைப் பைத்தானில் சோதிப்பவர்கள் தயங்கி நிற்பது இந்த இரண்டு சோதனைக் கருவிகளுக்கும் நடுவில்தான். இரண்டிலும் காட்சிகளை (சினாரியோ, அதாவது சோதிக்கும் சூழல்களை) எழுதுவது கெர்கினில், அதாவது சாதாரண வாக்கியங்களால் ஆன வடிவத்தில். காட்சியின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு ஸ்டெப்; அதை இயக்கும் பைத்தான் குறியீட்டை நாம் எழுத வேண்டும். வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது.

தொடக்கம்: பிஹேவில் ஃபீச்சர்ஸ் ஃபோல்டர், அதற்குள் ஸ்டெப்ஸ் ஃபோல்டர், அவ்வளவுதான், ஓடும். குறியீடு எழுதாத ஸ்டெப் இருந்தால் அதற்கான குறியீட்டின் வார்ப்பையே காட்டிவிடும். பைடெஸ்ட் பிடிடியில் ஃபீச்சர் கோப்பை (காட்சிகள் உள்ள கோப்பு) டெஸ்ட் கோப்போடு நாமே இணைக்க வேண்டும். இணைக்கும் 'சினாரியோஸ்' அழைப்பு விட்டுப்போனால் பிழைச் செய்தி வராது. அந்தக் காட்சிகள் ஓடாமலே மற்றவை பச்சையாகத் தெரியும். ஆபத்தான இடம் இது. முதல் ஓட்டத்தில் டெஸ்ட் எண்ணிக்கையைக் கட்டாயம் சரிபாருங்கள்.

பிரவுசர்: பிஹேவில் பிரவுசரை என்விரான்மென்ட் கோப்பில் திறந்து, ஸ்டெப்கள் பகிரும் கான்டெக்ஸ்ட் என்ற பொருளில் வைத்து, நாமே மூட வேண்டும். பைடெஸ்ட் பிடிடியில், பிரவுசரை இயக்கும் பிளேரைட்டின் செருகுநிரல் தரும் 'பேஜ்' ஃபிக்ஸ்சரை (பைடெஸ்ட் தானே தயார்செய்து தரும் பொருள்) ஸ்டெப்பின் அளபுருவாகக் கேட்டாலே போதும்.

ஸ்டெப் மோதல்: பிஹேவில் எல்லா ஸ்டெப்பும் பொது. ஒரே வாக்கியத்தை இருவர் எழுதினால் உடனே நிறுத்திவிடும். பைடெஸ்ட் பிடிடியில் பொது ஸ்டெப்களைக் கான்ஃப்டெஸ்ட் கோப்பில் (பைடெஸ்டின் பகிர்வுக் கோப்பு) வைக்காவிட்டால் பக்கத்துக் கோப்புக்குத் தெரியாது.

வேகம்: எக்ஸ்டிஸ்ட் என்ற பைடெஸ்ட் செருகுநிரலைப் போட்டால் பைடெஸ்ட் பிடிடி ஒரே நேரத்தில் பல பிராசஸில் ஓடும்.

ஏற்கெனவே பைடெஸ்ட் (பைத்தானின் பொதுச் சோதனைக் கருவி) இருக்கும் குழுவுக்குப் பைடெஸ்ட் பிடிடி. பைத்தானுக்குப் புதிய சோதனையாளர்களுக்குப் பிஹேவ்.