காகித டார்கெட்டுக்கு ஒரு .22 பிஸ்டல்: ரூகர் மார்க் 4 டார்கெட்டோடு 14 மாதம்

வாங்கி 14 மாதம் ஆகிறது. சுட்டது ஏறத்தாழ 6,000 தோட்டா. வாங்கிய வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் அதன் கறுப்புப் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது சொல்வதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

எனக்கு வேண்டியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கோ பாதுகாப்புக்கோ இல்லை. வாரம் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய் 15 மீட்டரிலும் 25 மீட்டரிலும் காகித டார்கெட்டில் சுட வேண்டும். என் கை சிறியது, மணிக்கட்டு பலவீனம். கையில் இருந்த பணமும் அளவானது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா தவிர வேறு வழியே கிடையாது. 1887-லிருந்து இருக்கிற தோட்டா இது. 40 கிரெய்ன் ஈயக் குண்டு, அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். சுட்டதும் பிஸ்டல் லேசாக அசையும், அவ்வளவுதான். அடுத்த குண்டுக்குள், குறி பார்க்கும் சைட் பழைய இடத்துக்கு வந்துவிடும். 9 மி.மீ. தோட்டாவோடு ஒப்பிட்டால் விலையும் வெகு குறைவு. பிஸ்டலுக்கு ஒரு தடவைதான் பணம் கொடுக்கிறோம், தோட்டாவுக்கோ வாராவாரம் கொடுக்கிறோம். சிக்கனம் பார்க்கிறவர்கள் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் நான் அப்படித் தொடங்கவில்லை. முதலில் வாங்கியது வேறொரு .22 பிஸ்டல். கம்பெனிப் பெயர் வேண்டாம். பெரிய பிஸ்டலைச் சுருக்கி வார்த்த மாதிரி சின்னதாக, லேசாக இருந்தது. கடையில் எடுத்துப் பிடித்தபோது என் கைக்கென்றே செய்தது போலத் தோன்றியது. ரேஞ்சில் இரண்டாவது மேகசினிலேயே (தோட்டா அடுக்கும் பெட்டி) தகராறு. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழாமல், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடுக்கும் குண்டு போகும் குழாயான பேரலுக்கும் நடுவில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். முகப்பை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, கூட்டைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஐம்பது தோட்டாவில் ஐந்தாறு முறை இப்படி நடந்தால், சுடும்போது மனசு டார்கெட்டில் நிற்குமா? இது வேலை செய்யுமா செய்யாதா என்ற கவலையிலேயே டிரிகரை இழுத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் என் கைப்பிடிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேகமான தோட்டா போட்டால் தொல்லை பாதியாகக் குறைந்தது, ஆனால் செலவு ஏறியது. கடைசியில் அதை விற்றுவிட்டேன்.

அப்புறம்தான் சித்தப்பாவிடம் போனேன். அவர் முப்பது வருஷமாகச் சுடுகிறவர். இப்போது கை நடுக்கம் வந்ததால் குறைத்துக்கொண்டார். "எதையும் வாங்காதே. முதல்ல ரேஞ்சில யார் யார்கிட்ட என்ன இருக்குன்னு பாரு, கேட்டுச் சுடு" என்றார். அந்த மாதம் முழுக்க மூன்று பேரிடம் இரவல் வாங்கிச் சுட்டேன். பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி, ரூகர் மார்க் 4. தோட்டா என்னுடையது. தன் பிஸ்டலைப் பிறர் கையில் கொடுக்க மனசு வேண்டும். அந்த மூவருக்கும் நன்றி.

சித்தப்பா ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். பிஸ்டல் காலி என்று மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, சுடும் இடத்தில் டார்கெட்டைப் பார்த்து நிற்க வேண்டும். "கண்ணை மூடிக்கிட்டு கையைத் தூக்கும்மா. இப்ப திற. முன் சைட் எங்கே இருக்கு?" பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் தானாக வந்து உட்கார்ந்திருந்தால் அந்தக் கைப்பிடிக் கோணம் நமக்கு ஒத்துப்போகிறது. விக்டரியில் முன் சைட் எனக்குச் சற்றுக் கீழே போனது. பக் மார்க்கில் கிட்டத்தட்ட சரி. மார்க் 4-இல் நேராக வந்து நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. ரூகரின் கைப்பிடி பழைய ஜெர்மன் லூகர் பிஸ்டல் போலச் சாய்வானது. 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டலின் சாய்வு குறைந்த கோணத்துக்குப் பழகிய கை என்றால் அதே மார்க் 4-இல் 22/45 என்ற வகை இருக்கிறது. அதன் கைப்பிடிச் சட்டம் பாலிமர், எடையும் குறைவு. இது உங்கள் கை தீர்மானிக்க வேண்டியது, என் கை சொல்வதைக் கேட்டு வாங்காதீர்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. என் முதல் பிஸ்டலுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். பேரல் சட்டத்தோடு இறுகி அசையாமல் நிற்கும். சுடும்போது பின்னால் ஓடி வருவது ஒரு சின்ன பாகம் மட்டுமே. சைட்டுகள் அதன்மேல் இல்லாததால் அவையும் அசைவதில்லை. ரூகர் கம்பெனியின் முதல் பிஸ்டலே 1949-இல் இந்த அமைப்பில்தான் வந்தது. கைப்பிடிச் சட்டத்தை எஃகுத் தகட்டில் இரண்டு பாதியாக அழுத்தி எடுத்து ஒட்டவைத்ததால் மலிவாகக் கொடுக்க முடிந்தது. குழாய் போன்ற மேற்பாகத்துக்குள் உருளை போல்ட், அதாவது அந்தச் சின்ன பாகம், முன்னும் பின்னும் ஓடும். 1982-இல் மார்க் 2, 2004-இல் மார்க் 3, 2016-இல் மார்க் 4 என்று மாறி வந்தாலும் உள்ளே கருத்து அதேதான். சாதாரணப் பணத்தில் நல்ல துல்லியம் கிடைக்கிறதென்றால் முக்கியக் காரணம் இதுவே.

என்னுடையது டார்கெட் வகை. ஐந்தரை அங்குல கனத்த பேரல், அலுமினியச் சட்டம், திருகி ஏற்றி இறக்கக்கூடிய பின் சைட். எடை ஒரு கிலோ. முதலில் அந்த எடை என் மணிக்கட்டுக்கு ஆகாது என்றுதான் பயந்தேன். நடந்தது நேர்மாறு. எடை முன்பக்கம் இருப்பதால் முகப்பு துள்ளாமல் நிற்கிறது. இரண்டு கையால் பிடித்து, பத்துத் தோட்டா சுட்டுவிட்டுப் பிஸ்டலை மேசையில் வைத்துக் கையை உதறி ஓய்வு கொடுத்தால் போதும். 15 மீட்டரில் பத்துக் குண்டும் ஒரு கோப்பை வாய்க்குள் விழுகின்றன. நல்ல நாளில் அதில் பாதிக்குள்ளும் விழும். மேசையில் மணல் பை வைத்துத் தாங்கிச் சுட்டால் குரூப், அதாவது குண்டுகள் விழும் வட்டம், இன்னும் சுருங்குகிறது. ஆக, மிச்சம் தேற வேண்டியவள் நான்தான்.

டிரிகரைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், இரவல் வாங்கிய மூன்றில் என் விரல் மிகவும் விரும்பியது பக் மார்க்கின் டிரிகரை. இழுவை தொடங்கும் இடமும் முடியும் இடமும் அவ்வளவு தெளிவு. மார்க் 4-இன் டிரிகர் நல்லதுதான், அந்தத் தெளிவுக்கு ஒரு படி கீழே. இருந்தும் ரூகரை எடுத்ததற்குக் காரணம், கைக்கோணத்தோடு கூட, சுத்தம் செய்கிற வசதி.

.22 தோட்டா அழுக்கு. ஈயமும் மெழுகும் கரியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகப் படியும். சுத்தம் செய்யத் தொல்லையாக இருந்தால் நாம் தள்ளிப்போடுவோம், தள்ளிப்போட்டால் சிக்க ஆரம்பிக்கும். பக் மார்க்கைப் பிரிக்க மேல்பட்டையின் திருகுகளை ஆலன் சாவியால் கழற்ற வேண்டும். விக்டரிக்கு ஒரே திருகு. பழைய ரூகர்களைத் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு என்று சித்தப்பாவே சொல்வார். மார்க் 4-இல் அந்தக் கஷ்டத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். காலி என்று உறுதி செய்து, போல்ட்டை இழுத்து விட்டு, சுடவிடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு, சட்டத்தின் பின்பக்கம் உள்ள பொத்தானை அழுத்தினால் மேற்பாகம் முன்னால் சாய்ந்து கையோடு வந்துவிடுகிறது. போல்ட் தானாக வழுக்கி வெளியே வரும். பிரிப்பதற்கு டிரிகரை இழுக்கவே வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. பத்து நிமிடத்தில் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டிவிடுகிறேன்.

பழையது வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரான மார்க் 4 பிஸ்டல்களை ரூகர் திரும்ப அழைத்தது. சேஃப்டி நெம்புகோல் பாதி வழியில் நிற்கும்போது டிரிகரை இழுத்துவிட்டால், பிறகு நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது தானாக வெடிக்கக்கூடும் என்பது காரணம். வரிசை எண் 401 என்றோ டபிள்யூபிஆர் என்றோ தொடங்கினால், சரிசெய்யப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தோட்டாவில் என் அனுபவம்: மலிவான மொத்தப் பெட்டியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வெடிக்காமல் போகும். இந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்துக் கலவை விளிம்பைச் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். பூச்சு இல்லாத இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. அப்போது முகப்பை டார்கெட் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்தி, காலி செய்து, பேரலுக்குள் குண்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. நான் இப்போது சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிதான் போடுகிறேன். ஒலியின் வேகத்துக்குக் கீழே போகிற 40 கிரெய்ன் குண்டு. குரூப் சின்னதாகிறது, போல்ட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பிஸ்டலுக்கும் பிடித்த தோட்டா வேறு. நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்.

இன்னும் குறைந்த பணத்தில் வேண்டுமென்றால் ரூகர் ரேங்லர், ஹெரிடேஜ் ரஃப் ரைடர் போன்ற ரிவால்வர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுட வேண்டும், கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். நிதானத்தைக் கற்றுக்கொடுக்கும், தோட்டாவும் குறைவாகச் செலவாகும். ஆனால் சாதா ரேங்லரின் சைட்டைத் திருப்ப முடியாது. குண்டு இடப்பக்கம் விழுந்தால் நாம் வலப்பக்கம் குறி வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். புள்ளி எண்ணிச் சுட நினைப்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மறுகோடியில் பர்தினி, வால்தர் போன்ற ஒலிம்பிக் ரகப் பிஸ்டல்கள். அவை வேறு உலகம், வேறு பணம்.

.22 தானே என்று காதுக் கவசத்தை விட்டுவிடாதீர்கள். அதன் சத்தமும் 140 டெசிபலைத் தாண்டும். கண்ணாடி கட்டாயம். ஈயப் புகை கையில் ஒட்டும், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். உரிமம், பூட்டிய பெட்டி எல்லாம் உங்கள் ஊர்ச் சட்டம் சொல்கிறபடி, வாங்குவதற்கு முன்பே.

போன வாரம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மணல் பையில் கையைத் தாங்கி நிறுத்திப் பத்துத் தோட்டா சுட்டார். போல்ட் திறந்து நின்றதும் மேகசினைக் கழற்றி, சேம்பரைப் பார்த்து, பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு டார்கெட்டை வரவழைத்தார். எட்டுக் குண்டு டார்கெட்டின் நடுக் கறுப்புக்குள். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னொரு பெட்டி இருக்காம்மா?" என்றார்.