இங்கிலாந்தில் ரயில் ஏறும் நம்மவர்களுக்கு: ‘ஆஃப்-பீக் ரிட்டர்ன்’ வாங்கும்முன் ஒரு எச்சரிக்கை

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை வெளியூர் கூட்டிப்போக நினைப்பவர்களும், புதிதாகப் படிக்க வரும் மாணவர்களும் இதைப் படித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். கவுண்டரில் கேட்டு, அவர்கள் கொடுத்த டிக்கெட்டில் திரும்பி வந்ததற்காக என்னிடம் 27.80 பவுண்ட் கூடுதலாக வாங்கினார்கள். அதில் 17.40 பவுண்ட், அவர்களுடைய விதிப்படியே வாங்கக்கூடாத பணம்.

நடந்தது இதுதான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஒருநாள் கூட்டிப்போனேன். காலையில் நிலையக் கவுண்டரில், “பத்து மணி வண்டியில் போகிறோம், மாலை ஐந்து மணி வாக்கில் திரும்புவோம், எந்த டிக்கெட் சரி?” என்று தெளிவாகக் கேட்டேன். ஆஃப்-பீக் டே ரிட்டர்ன் போதும் என்று ஆளுக்கு 14.60 வீதம் இரண்டு டிக்கெட் கொடுத்தார். அதாவது கூட்டம் குறைந்த நேரத்துக்கான சலுகை டிக்கெட். மாலையில் அந்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டிகளுக்கும் ஒரு தடை நேரம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. டிக்கெட்டிலும் நேரம் போட்டிருக்கவில்லை. நிபந்தனைகளைப் பார்க்கவும் என்ற குறிப்பு மட்டும்தான் இருந்தது.

திரும்பும்போது வண்டி கிளம்பிச் சிறிது நேரத்தில் பரிசோதகர் வந்தார். இந்த நேரத்துக்கு இது செல்லாது, இருவரும் புதிதாக ஒருவழி டிக்கெட் எடுக்கவேண்டும், தலைக்கு 13.90 என்றார். கவுண்டரில் கேட்டுத்தான் வாங்கினேன் என்று சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. குரலை உயர்த்திப் பேசினார், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடுத்துருய்யா, வம்பு வேண்டாம்” என்றார். கொடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் அதே ஊருக்கு வாரந்தோறும் போகிறவர். இதே டிக்கெட்டை இதே வண்டியில் காட்டியிருப்பதாகவும், வேறு பரிசோதகர்கள் ஒன்றும் சொன்னதில்லை என்றும் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரே டிக்கெட், ஒரே வண்டி, அன்று யார் பணியில் இருக்கிறாரோ அவரைப் பொறுத்து விலை.

எந்த நிறுவனம், எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. எந்த வழித்தடத்தில் நடந்தாலும் விதி ஒன்றுதான், அதுதான் உங்களுக்குப் பயன்படும்.

பிரிட்டனின் எல்லா ரயில் நிறுவனங்களுக்கும் பொதுவாக ‘நேஷனல் ரெயில் கண்டிஷன்ஸ் ஆஃப் டிராவல்’ என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. அதில் 9.5 என்ற பிரிவைப் படியுங்கள். சரியான தேதிக்கான ஆஃப்-பீக் டிக்கெட் கையில் இருந்து, நேரம் மட்டும் பொருந்தவில்லை என்றால், நீங்கள் ஏற்கெனவே கொடுத்த தொகைக்கும் அந்த வண்டிக்குச் செல்லும் மிகக் குறைந்த டிக்கெட்டின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வாங்கவேண்டும். புது டிக்கெட் விலை முழுதும் வாங்கக்கூடாது. எங்கள் வழியில் எந்நேரமும் செல்லும் ‘எனிடைம்’ டே ரிட்டர்ன் 19.80. ஆக, தலைக்கு 5.20, இருவருக்கும் 10.40 தான் நியாயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் என்று முன்கூட்டி வாங்கும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வண்டி மாறி ஏறினால் புது டிக்கெட்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இதெல்லாம் தோன்றாது. அங்கே கிலோமீட்டர் கணக்கு. பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று வண்டியைப் பார்த்துக் கட்டணம் மாறுமே தவிர, அன்ரிசர்வ்டு டிக்கெட்டுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று கிடையாது. இங்கே தூரத்துக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தமில்லை. 1990களில் ரயில்வேயைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ன விலை என்பதை அந்தந்த வழியில் ஓடும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு விலை வைப்பவர்கள் வேறு வேறு நிறுவனங்களாக இருக்கலாம். தடை நேரத்தையும் அவரவர் வைத்துக்கொள்கிறார்கள். அதன்பிறகு பெரும்பாலும் எல்லா விலைக்கும் மேல் ஒரே சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்ததால், பழைய கோணல்கள் அப்படியே நிலைத்துவிட்டன. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள கட்டணங்களை 4.6 சதவீதம் ஏற்றினார்கள். அப்போதும் கோணலோடு சேர்த்துத்தான் ஏற்றினார்கள்.

இதற்குப் பேர்போன உதாரணம் லண்டன் பாடிங்டன் – பிரிஸ்டல் வழி. காலை நேரத்தில் நேராக ஒரே டிக்கெட் எடுப்பதைவிட, நடுவில் உள்ள டிட்காட் பார்க்வே வரை ஒன்று, அங்கிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று என்று இரண்டாக எடுத்தால் மலிவு என்று பல வருடங்களாகவே பேசப்படுகிறது. வண்டி மாறவேண்டாம், இறங்கவும் வேண்டாம். அதே விதித்தொகுப்பின் 14ஆம் விதி இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. வண்டி அந்த நடு நிலையத்தில் நின்றால் போதும். சட்டப்படி சரியான இந்த வழியை எந்தக் கவுண்டரும் தானாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. ஸ்காட்லாந்தில் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்காட்ரெயில் வண்டிகளில் கூட்ட நேரத்துக்கான ‘பீக்’ கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். 16-25 ரெயில்கார்டு 35 பவுண்ட், டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், நல்ல விஷயம்தான், வாங்குங்கள். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4.30லிருந்து 10 மணிக்குள் பயணம் செய்தால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்ட் என்று ஒரு விதி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அது கிடையாது. அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் கிடையாது. எனவே 9 பவுண்ட் டிக்கெட்டுக்குக் காலையில் தள்ளுபடியே இல்லை, 15 பவுண்ட் டிக்கெட் 10க்கு வராது, 12 தான். 2024இல் இந்த விதியால் ஓர் இளைஞர் 1.90 பவுண்ட் குறைவாகக் கொடுத்துவிட்டார் என்று வழக்குப் போடுவதாக மிரட்டப்பட்டது பெரிய செய்தியானது. ஊடகங்கள் கேள்வி கேட்ட பிறகு அதைக் கைவிட்டார்கள். அதைத் தொடர்ந்து அரசு கேட்டுக்கொள்ள, ரயில் ஒழுங்குமுறை ஆணையமான ஓஆர்ஆர் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பயணிகளை ஒரே சீராக நடத்தவேண்டும் என்று அதில் வலியுறுத்தியிருக்கிறார்கள்.

விசாவில் இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் போடும் அபராதக் கட்டணம் இங்கிலாந்தில் 2023 ஜனவரி 23 முதல் 100 பவுண்ட், அதோடு ஒருவழிக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். அதற்கு மேல்முறையீடு உண்டு. ஆனால் 1889ஆம் வருட ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற வழக்காகப் போனால் அது குற்றப்பதிவு வரை போகும். அந்த வழக்குகளைக்கூட ஒழுங்காக நடத்தவில்லை. ஆள் இல்லாமலே முடிக்கும் குறுக்கு முறையில் போடப்பட்டவை செல்லாது என்று 2024 ஆகஸ்டில் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 74,000 பேரின் வழக்குகள் அதில் வந்தன. எனவே ரயில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தால் பயந்துபோய்க் கிழித்துப் போடாதீர்கள், கெடு தேதிக்குள் பதில் எழுதுங்கள். உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

என் புகாருக்கு வந்த முதல் பதில், டிக்கெட் செல்லாது, வாங்கியது சரி என்று ஒரு அச்சடித்த கடிதம். 9.5ஐ எடுத்துக்காட்டி, ரசீதுகளின் படத்தோடு மறுபடி எழுதினேன். 17.40 பவுண்ட் திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. தவறான டிக்கெட்டைக் கொடுத்ததே உங்கள் கவுண்டர்தானே, மீதி 10.40ஐயும் கொடுங்கள் என்றால், அங்கே பேசியதற்குப் பதிவு இல்லை என்கிறார்கள். இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று அவர்களிடமே எழுதி வாங்கி, பயணிகளின் புகார்களை விசாரிக்கும் ரெயில் ஆம்புட்ஸ்மனிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே நமக்குச் செலவு கிடையாது.

இப்போதெல்லாம் கவுண்டரில் வாங்கினால் போகவர எந்தெந்த வண்டி என்று சொல்லி, அந்த நேரங்களை அச்சடித்துத் தரச் சொல்கிறேன். ஆப்பில் வாங்கினால் திரும்பும் வண்டியையும் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டின் நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கிறேன். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் முன்பதிவுக் கட்டணம் இல்லை என்பதால் ஆப்பில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவதை அங்கேயே வாங்கலாம். நேரம் உறுதியில்லாத நாளில், முக்கியமாக வயதானவர்களோடு போகும்போது, எனிடைம் எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். எங்கள் வழியில் அது 5.20 தான்.

உங்களிடமும் இப்படிப் புது டிக்கெட் காசை முழுதாக வாங்கியிருந்தால், ரசீது இருக்கும்வரை 9.5ஐக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பிரச்சினை அட்வான்ஸ் டிக்கெட்டிலா ஆஃப்-பீக்கிலா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.