கரை அரிப்புக்குக் கல்லா, கண்டலா?

மாரியில் பேராறு பெருகி, முல்லைத்தீவின் கடலோர நீர்நிலையான நந்திக்கடல் களப்பில் விழும் நாட்களில் கரை மண் கட்டி கட்டியாகச் சரியும். கல் கொட்டச் சொல்வார்கள் ஒரு சாரார். உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடச் சொல்வார்கள் மறு சாரார். மூன்றாவது வழியும் உண்டு. நான் அதன் பக்கம்.

கல்லணை கட்டிய அன்றே காக்கும். பாலத்தடியிலும், வீதி விளிம்புவரை கரை உடைந்த இடத்திலும் அதுதான் சரி. கன்று வளரும்வரை வெள்ளம் பொறுக்காது. ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அணையின் அடியைத் தோண்டும். அணை முடியும் இடத்தில் பக்கத்துக் கரையை அரிக்கும். இறால் குஞ்சு ஒதுங்கவும் அங்கே இடமில்லை.

வரிசையாகக் கன்று நடுவதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் தோற்கிறது. இலங்கையில் 23 நடுகை இடங்களைப் பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். நம் கரையில் வற்றுப்பெருக்கு, அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீற்றருக்கும் குறைவு. கண்டல் பிழைக்கும் மட்டம் ஆகவே மிக ஒடுக்கம். அதற்குக் கீழே சேற்றில் நட்டால் மூழ்கிச் சாகும். களப்பின் வாயை மணல் அடைத்துவிட்டால் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாது. பட்டுப்போன கன்றொன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்: கறுத்து அழுகிய வேர், அதைச் சுற்றிக் கிழிக்காத பொலித்தீன் பை, அருகில் மாட்டுக் குளம்படிகள். பையைக்கூடக் கிழிக்காமல் நட்டிருக்கிறார்களே என்பது இன்றும் உறுத்துகிறது.

மூன்றாவது வழியில் முதல் வேலை நடுகை அல்ல. தூர்ந்த வாய்க்காலை வெட்டி உப்புநீர் வந்துபோக விட வேண்டும். கதியால் போட்டுக் கட்டாக்காலி மாடுகளை மறிக்க வேண்டும். வெண்கண்டல் விதை மிதந்து வந்து தனக்கேற்ற மட்டத்தில் தானே முளைக்கும். சில ஆண்டுகளில் பென்சில் பருமனில் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து நிமிர்ந்து, நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தங்கவைக்கும். செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். மாட்டுக்காரரோடு முதலில் பேச வேண்டும்: வேறு மேய்ச்சல் தரவை காட்டாவிட்டால் அந்த வேலி நிலைக்காது.

அருகில் தாய்மரங்களே இல்லாத கரையில் மட்டும் நடலாம். அப்போதும் பக்கத்துக் கரையில் கண்டல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதே மட்டத்தை அளந்து.